வீட்டுக் காவலுக்கு எந்த அலை?



மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நேரத்தில் பலர் என்னிடம் ஒரே விடயத்தைக் கேட்கிறார்கள். கதவுப் பூட்டு, தண்ணீர்க் கசிவை அறியும் உணரி, அறையின் சூட்டைப் பார்க்கும் கருவி எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் கவனிக்கலாம் என்கிறார்கள். ஆனால் ஒரு பெட்டியில் ஸிக்பீ என்றும், இன்னொன்றில் ஸீ-வேவ் என்றும், மூன்றாவதில் வைஃபை என்றும் எழுதியிருக்கிறது. எதை வாங்குவது?

இது வெறும் வசதியைப் பற்றிய கேள்வி அல்ல. கடுங்குளிரில் ஆளில்லாத வீட்டின் சூடு நின்றுபோனால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். யாழ்ப்பாணத்தில் நிற்கும் நமக்கு அந்தச் செய்தி உடனே வருமா, திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியவருமா என்பதே இங்கு கேள்வி.

முதலில் அலைவரிசையைப் பார்ப்போம். டென்மார்க்கைச் சேர்ந்த ஸென்சிஸ் நிறுவனம் உருவாக்கிய ஸீ-வேவ், ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. ஸிக்பீ பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஸிக்பீக்கான ஆரம்பகாலச் சில்லுகளைச் செய்தவர்களில் நமது ஒஸ்லோவின் சிப்கொன் நிறுவனமும் ஒன்று. 2006இல் அதை அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிக்கொண்டது.

தாழ்ந்த அலைவரிசை சுவர்களை ஊடுருவிச் செல்வதில் கெட்டிக்காரன். கொங்கிறீட் மாடிக் குடியிருப்பில் இது பயன்தரும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் அயலவர்கள் எல்லாருடைய வைஃபையும் நெரிசல்படும். மரவீட்டில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஸிக்பீ, ஸீ-வேவ் இரண்டிலுமே மின்சாரத்தில் ஓடும் கருவிகள் பெரும்பாலும் செய்தியை அடுத்த கருவிக்குக் கைமாற்றிவிடும். பற்றரியில் ஓடும் உணரிகள் அப்படிச் செய்வதில்லை. எனவே நிலவறையில் உணரி வைப்பவர்கள் நடுவழியில் ஒரு மின்செருகியையும் வைத்தால் நல்லது.

வைஃபைக்குத் தனியான மையப் பெட்டி வேண்டியதில்லை. ஆனால் அது மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும். சுவரில் செருகியிருக்கும் வெப்பமூட்டிக்கும் கமராவுக்கும் அது பொருந்தும். வருடக்கணக்கில் ஒரே பற்றரியில் ஓடவேண்டிய கதவு உணரிக்குப் பொருந்தாது.

கனடாவில் உறவுகள் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரொறன்ரோவில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஸீ-வேவ் பூட்டை வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள். அங்கே அது 908 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்குள்ள மையப் பெட்டிக்கு அது கேட்காது. அந்த அலைவரிசையை இங்கே பாவிக்கவும் கூடாது.

அடுத்தது பாதுகாப்பு. 433 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய மலிவுச் செருகிகள் பலவற்றில் மறைகுறி இல்லை. அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்ததா என்ற பதிலும் வராது. காற்றில் போகும் கட்டளையை ஒருவர் பதிந்துவைத்துத் திரும்ப அனுப்பினால் கருவி அதற்கும் கீழ்ப்படியும். மேசை விளக்குக்கு அது போதும். கதவுக்கு ஆகாது. ஸீ-வேவில் 2017 முதல் சான்றிதழ் பெறும் கருவிகளுக்கு எஸ்-2 என்ற மறைகுறி முறை கட்டாயம். பூட்டு வாங்கும்போது அந்தச் சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க 2022 ஒக்டோபரில் மேட்டர் என்ற பொது நியமம் வெளிவந்தது. இணையத்தின் நெறிமுறையையே அது அடித்தளமாகக் கொள்கிறது. வைஃபையிலும் ஓடும், திரெட் என்ற குறைமின் வலையிலும் ஓடும். இந்த எண்ணம் நமது லில்லெஸ்ட்ரோமுக்குப் புதியதல்ல. பக்கத்திலுள்ள ஷெல்லரில்தான் 1973இல், நிலநடுக்க ஆய்வு மையமான நோர்சார் வழியாக, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் இணைக்கப்பட்டது. 1977 நவம்பரில், ஓடும் வாகனத்தின் வானொலி வலை, தொலைபேசிக் கம்பி வலை, செய்மதி வலை ஆகிய மூன்றும் ஒரே நெறிமுறையில் பேசிக் காட்டின. அந்தச் செய்தி நோர்வே வழியாகவே இலண்டனுக்குப் போனது. வலைகள் வேறாக இருக்கலாம், பேசும் முறை ஒன்றாக இருந்தால் போதும் என்பதே அன்று கண்ட பாடம். ஸிக்பீ கருவி உள்ளவர்கள் அதை வீச வேண்டியதில்லை. மேட்டரை ஆதரிக்கும் ஸிக்பீ மையப் பெட்டி பாலமாக இருந்து அதைச் சேர்த்துவிடும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் மேட்டர் அடையாளம் உள்ளவற்றைப் பாருங்கள். தடித்த சுவரோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஸீ-வேவ் நல்லது. விளக்குகள் நிறைய வைப்பவர்களுக்கு ஸிக்பீ மலிவு. எதை வாங்கினாலும் மாற்றிக்கொடுக்கும் காலம் முடியுமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பூட்டும் விளக்கும் வேலைசெய்கின்றனவா என்று பாருங்கள். இணையம் இல்லாமல் அசையாத கருவி, விற்ற நிறுவனம் தன் சேவையை நிறுத்தும் நாளில் வெறும் பெட்டியாகிவிடும். சுவருக்குள் பொருத்தும் ஆளிகளையும் வெப்பச் சீராக்கிகளையும் அனுமதி பெற்ற மின்பணியாளரே பொருத்த வேண்டும்.

கடைசியாக ஒன்று. எந்த அலையும் அறிவிக்கத்தான் செய்யும், தண்ணீரைத் துடைக்க வராது. புறப்படுமுன் பிரதான தண்ணீர்க் குழாயை மூடுங்கள். நம்பிக்கையான அயலவர் ஒருவரிடம் திறப்பைக் கொடுங்கள். பிறகு நிம்மதியாக ஊருக்குப் போய் வாருங்கள்.