கறுப்புக் காரின் மெருகு

கறுப்பே அழகு, காந்தலே ருசி என்பது பழமொழி. காந்தலின் ருசியை அறிந்தவர் பலர். ஆனால் கறுப்பின் அழகைக் காப்பது எத்துணை அரிது என்பதைக் கறுப்புக் கார் வைத்திருப்போரே நன்கு அறிவர். மாலையில் கண்ணாடிபோல் முகங்காட்டும் வண்டி, மறுநாள் காலையில் சாம்பல் பூத்து நிற்கும். தில்லி மாநகரில் இதைச் சொல்லவே வேண்டுவதில்லை. மே, ஜூன் மாதங்களில் 'ஆந்தி' எனப்படும் புழுதிப் புயல் வீசும். டிசம்பர், ஜனவரியிலோ புகைக்கரி பனியோடு கலந்து படியும். வெள்ளை வண்டி இவற்றை ஓரளவு மறைத்துக்கொள்ளும்; கறுப்பு எதையும் மறைக்காது.

நாம் தில்லியில் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து ஒரு கறுப்புக் கார் வாங்கினோம். குடியிருப்பில் வண்டி துடைக்கும் இளைஞர் ஒருவரிடம் அதன் பராமரிப்பை ஒப்படைத்தோம். அவர் விடியுமுன் வந்து, இருபது வண்டிகளை ஒரே துணியால் துடைத்துவிட்டுப் போவார். ஓராண்டு கழிந்தது. ஒரு நாள் மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தோம்: பானெட்டின்மேல் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டவட்டமாக நுண்ணிய கீறல்கள்! இளைஞரைக் கடிந்துகொண்டோம், அம்மாதச் சம்பளத்தில் 200 ரூபாயைப் பிடித்தும் கொண்டோம். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை.

பின்னர், வண்டிகளுக்கு வர்ணம் பூசும் பட்டறை ஒன்றுக்குச் சென்றோம். அங்கிருந்த முதிய தொழிலாளி, கைவிளக்கு ஒன்றை வண்டியின்மேல் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். கூரையின் நடுப்பகுதியிலும் அதே வலை. "இந்த இடத்தைத் துடைப்பவர் யார், சாகிப்?" என்று வினவினார். அந்த இடம் இளைஞரின் கைக்கு எட்டாது. ஞாயிறுதோறும் முக்காலியிட்டு ஏறி, பழைய பருத்தித் துணியால் அதைத் துடைத்தவர் நாமே!

அப்படியானால் குற்றம் யாருடையது? அதை அறிய, வர்ணத்தின் அமைப்பைச் சிறிது பார்க்க வேண்டும். இக்காலக் கார்களில் தகட்டின்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற மேற்பூச்சு என அடுக்கடுக்காக அமைந்திருக்கும். நாம் மெருகு என்று கண்டு மகிழ்வது இந்த மேற்பூச்சையே. அதன் கனம் பொதுவாக ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. காற்றில் வரும் புழுதியிலோ, குவார்ட்ஸ் என்னும் கல்லின் நுண்துகள்கள் கலந்துள்ளன. அவை அந்த மேற்பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானவை. உலர்ந்த துணியால் துடைக்கும்போது அத்துகள்கள் துணிக்கும் வர்ணத்துக்கும் இடையே அகப்பட்டு, உப்புத்தாள்போல் தேய்க்கின்றன. ஆகவே படிந்து கிடக்கும் தூசியைவிட, அதை உலர்ந்த துணியால் துடைக்கும் முறையே பெருந்தீங்கு செய்கிறது. புழுதி படிந்த வண்டியின்மேல் உறை போட்டு, அது காற்றில் ஆடினாலும் இதே கேடுதான் விளையும்.

இனி, செய்யத்தக்க முறையைக் கூறுவோம். வண்டியை வாரம் ஒரு முறை நீரால் கழுவினால் போதும். இடைப்பட்ட நாள்களில் கண்ணாடிகளை மட்டும் துடைத்துக்கொண்டு வர்ணத்தைத் தொடாமல் விடுவதே நலம். வெயிலில் நின்று சூடேறிய வண்டியைக் கழுவலாகாது. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது கழுவ வேண்டும். முதலில் வெறும் நீரை ஊற்றிப் புழுதியைத் தளர்த்தி ஓடவிடுக. பின்னர் இரண்டு வாளிகள் வைத்துக்கொள்க: ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த நீர், மற்றொன்றில் துணியை அலச நல்ல நீர். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாக, வட்டமாக அன்றி நேர்க்கோட்டில் துடைத்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை அலசிக்கொள்ள வேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி. பாத்திரம் துலக்கும் சோப்பு உதவாது. அது மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும்.

நீர் தானே உலரட்டும் என்று விடுவதும் தவறு. ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்புகள் உலர்ந்து வெண்ணிற வளையங்களாகப் படியும். கறுப்பில் அவை பளிச்சென்று தெரியும். ஆகவே ஈரத்தைத் தூய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். புறாவின் எச்சம் விழுந்தால் அன்றே அகற்ற வேண்டும். அதில் அமிலத்தன்மை உண்டு, கோடை வெயிலில் அது விரைவில் வர்ணத்தை அரிக்கும். அதையும் சுரண்டலாகாது. நனைத்த துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் இட்டு, ஊறியபின் மெல்ல எடுக்க வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மெழுகு பூசுவது நல்ல காப்பு. பாலிஷ் போடுவது வேறு. கீறலை மறைக்க அது மேற்பூச்சையே சிறிது அராவி எடுக்கிறது. எழுதிய தாளை ரப்பரால் திரும்பத் திரும்ப அழித்தால் எழுத்தோடு தாளும் தேய்வதைப் போன்றது இது. எனவே அதை மிக அரிதாகவே செய்ய வேண்டும்.

பட்டறையிலிருந்து திரும்பிய மறுநாள் விடியற்காலையில், இளைஞர் வரும்வரை வாயிலில் காத்திருந்தோம். பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுத்து, தவறு நம்முடையதே என்று கூறி, புதிய துணிகளையும் தந்தோம். துணிகளைப் புரட்டிப் பார்த்த அவர், "துணி சரிதான், சாகிப், தண்ணீர் எங்கே?" என்றார். இருபது வண்டிகளுக்கும் சேர்த்துக் குடியிருப்பில் அவருக்குக் கிடைப்பது அரை வாளி நீர் என்பதை அன்றுதான் அறிந்தோம். உலர்ந்த துணியால் அவர் துடைத்ததற்கு வேறு வழியின்மையே காரணம். நாமோ ஓராண்டுக் காலம் அதைக் கேட்டறியவே இல்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் நம் வீட்டுக் குழாயிலிருந்து அவர் நான்கு வாளி நீர் எடுத்துக்கொள்கிறார். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட இது மிகக் குறைந்த நீரே. மற்ற நாள்களில் வர்ணத்தைத் தொடுவதில்லை. ஆயினும் சம்பளம் குறையவில்லை. பழைய கீறல்கள் சில இன்னும் உள்ளன. அவற்றைப் பாலிஷ் போட்டு அகற்ற நாம் முயலவில்லை. மாலை வெயிலில் அவை கண்ணில் படும்போதெல்லாம், பிறரைக் கடிந்துகொள்ளுமுன் ஒரு கேள்வியேனும் கேட்க வேண்டும் என்பது நினைவுக்கு வருகிறது.