கிராமம் கெட்டுப்போயிற்றா?

(பழைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நமக்கு முன்பு பேசிய பெரியவர், "கிராமம் கெட்டுப்போய்விட்டது, வயலில் இறங்க ஆள் இல்லை, பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள், பழைய ஒற்றுமை போய்விட்டது" என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அவருடைய வருத்தத்தை நாம் பரிகாசம் செய்ய வரவில்லை. ஆனால், கெட்டுப்போனது யாருடைய கிராமம் என்று மாத்திரம் கேட்க ஆசைப்படுகிறோம்.

அந்தப் பழைய கிராமம் எப்படி இருந்தது? நிலமெல்லாம் மிராசுதாரருக்கும், கோயிலுக்கும், மடத்துக்கும். பாடெல்லாம் சேரிக்கு. பண்ணையாள் விடியுமுன் ஏர் கட்ட வேண்டும். அவன் மனைவி மாட்டுக்கொட்டகை கூட்ட வேண்டும். பிள்ளை மாடு மேய்க்க வேண்டும். குடும்பமே உழைத்ததற்குக் கூலி சில படி நெல். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்பன் செத்தால் பிள்ளை தலையில். நேரங்கழித்து வந்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். இதுதான் ஒற்றுமையென்றால், மாட்டுக்கும் நுகத்தடிக்கும் உள்ளதும் ஒற்றுமைதானே! (சிரிப்பு)

இந்த நிலைமை தானாக மாறிவிட்டதா? அல்லது யாராவது மனமிரங்கி மாற்றினார்களா? இரண்டும் இல்லை. பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்தார்கள், அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அதன் பிறகுதான் 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கூலி கேட்பது குற்றமாகவே இருந்தது. 1968-ம் வருஷம் டிசம்பர் மாதம் 25-ந் தேதி இரவு, இந்த ஜில்லாவின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டன. அவர்கள் செய்த குற்றம் சங்கத்தில் சேர்ந்ததும், கூலி நெல் கூடக் கேட்டதுந்தான். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரர்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. பழைய ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் குடிசையையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

தோழர்களே! மிராசுதாரரிடம் சவுக்கைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. அதுதான் மனை. சேரியில் குடிசை போட்டிருந்த இடம் அவருடையது. கூலி போதாது என்று காலையில் ஒருவன் சொன்னால், சாயங்காலம் அவன் சட்டிபானை தெருவில் கிடக்கும். தலைக்குமேல் கூரை நிற்குமா என்ற பயம் உள்ளவன் எப்படி நிமிர்ந்து பேசுவான்? 1971-ல் குடியிருப்புச் சட்டம் செய்து, குடியிருந்த மனையை அவரவருக்கே சொந்தமாக்கினார்கள். நாலு சென்டு மண்தானே என்று நினைக்கலாம். அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் ஒருவன், "இன்றைக்கு உம்முடைய வேலைக்கு வரமுடியாது" என்று முதல் தடவையாகச் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைத்தான் "ஆள் கிடைப்பதில்லை" என்று இன்று சொல்லுகிறார்கள்!

பிழைப்பு மாறுவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் எப்போதும் உண்டு. 1953-ல் கிராமத்துப் பிள்ளைகள் அரைநேரம் படித்தால் போதும், பாக்கி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அக்கிரகாரத்துப் பிள்ளை அப்பனோடு போய் எந்தச் சேற்றில் இறங்கியிருப்பான்? எதிர்ப்பு வலுத்து, 1954-ல் அத்திட்டம் ஒழிந்தது. அது நிலைத்திருந்தால், இன்று இந்தக் கூட்டத்திலே இருக்கும் வாத்தியாரும் நர்சம்மாவும் களத்துமேட்டில்தான் நின்றிருப்பார்கள். அப்படியே, பரம்பரை மணியமும் கர்ணமும் 1980-ல் ஒழிக்கப்பட்டு, பரீட்சை எழுதி வருகிறவர் கிராம நிர்வாக அலுவலர் ஆனார். சிட்டா அடங்கல் இல்லாமல் எந்தக் கிராமமும் கெட்டுப்போகவில்லையே!

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது. பல நாள் அறுப்பு சில மணியில் முடிகிறது. முதுகு ஒடியும் வேலை குறைந்ததற்கு நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அறுப்புக் கூலியை நம்பியிருந்த தாய்மார்கள் கதி என்ன? ஆண்மகன் பஸ் ஏறிப் போய்விடுகிறான். அவள் பிள்ளைகளோடும் கிழங்களோடும் ஊரிலே நிற்கிறாள். 2005-ல் செய்த வேலை உறுதிச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வைத்தபோது, "பெண்பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள்" என்று எத்தனை பேர் கூச்சலிட்டார்கள்! ஆணுக்குக் கொடுப்பதைப் பெண்ணுக்குக் கொடுக்க மனம் வராதவர்களுக்கு, நடவுக்கு ஆள் இல்லையென்று அழ என்ன பாத்தியதை இருக்கிறது?

விவசாயம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நெல் விளையாவிட்டால் எல்லோரும் பட்டினிதான். சிறு சாகுபடிக்காரர் காவிரித் தண்ணீருக்கும் நல்ல விலைக்கும் தவிப்பதையும் அறிவோம். சேற்றில் இறங்குகிறவனுக்கு மரியாதையும், சரியான கூலியும், நிலத்தில் பாத்தியதையும் இருக்குமானால் அவன் ஏன் ஊரைவிட்டு ஓடப்போகிறான்?

கடைசியாக உங்களையே ஒன்று கேட்கிறோம். ஏர் போய் டிராக்டர் வந்தது. கூரை போய் மெத்தை வீடு வந்தது. கையில் போன் வந்தது. சுடுகாடு மாத்திரம் ஏன் இன்னும் இரண்டாக இருக்கிறது? திருப்பூரிலே ஒரே வரிசையில் மெஷின் தைத்து, ஒரே கடையில் டீ குடித்த இரண்டு பையன்கள், பொங்கலுக்கு ஊர் திரும்பியதும் ஒருவன் ஊருக்கும் ஒருவன் சேரிக்கும் பிரிவது ஏன்? படித்த பையனைச் சாவுக்குப் பறையடிக்க வா என்று கூப்பிட இன்னும் வாய் வருவது ஏன்? பிழைப்பை மாற்றிக்கொண்ட நாம், புத்தியை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதானே காரணம்?

ஆகையால், கிராமம் கெட்டுப்போயிற்று என்று அழவேண்டாம். கெடவேண்டியதில் பாதி இன்னும் கெடாமல் இருக்கிறதே என்றுதான் கவலைப்பட வேண்டும். (கைதட்டல்) அந்தப் பாதியைக் கெடுக்கச் சட்டம் மாத்திரம் போதாது. அடுத்த சாவு யார் வீட்டில் நடந்தாலும், ஒரே வழியில் போய் ஒரே சுடுகாட்டில் அடக்கம் செய்வது என்று இந்த ஊர் இளைஞர்கள் முடிவு செய்யுங்கள். பெண் பிள்ளைகளின் படிப்பை நடுவில் நிறுத்தாதீர்கள். அதுவே நீங்கள் எங்களுக்குச் செய்யும் உபசாரம்.