தகப்பன்மாரும் குழந்தைகளும்

(புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



இன்ஸ்பெக்டர் எழுந்தால் தவணை தவறிய பாக்கியைப் பற்றித்தான் பேசுவாரென்று தாங்கள் எண்ணியிருக்கலாம். அந்த ஜாபிதாவைக் காரியதரிசியவர்கள் வாசித்துவிட்டபடியால் எனக்கு அவ்வேலை மிச்சமாயிற்று. ஆகவே வேறொரு பாக்கியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

கடன் மனு எழுதும்போது சர்வே நம்பரைக் கேட்டால் உட்பிரிவு உள்பட ஒப்பிக்கிற அங்கத்தினர், மகன் எத்தனையாவது வகுப்பு வாசிக்கிறான் என்றால், "அவன் தாயாரைத்தான் கேட்கவேணும்" என்கிறார். கல்யாணச் செலவுக்கென்று நகையை ஈடு வைக்க வருகிறவரோ, பெண்ணின் வயதைக் கேட்டால் விழிக்கிறார். அப்பெண் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவளாயிருந்தால், அவளுடைய படிப்பு அந்த ரசீதோடு முடிந்துபோகிறது.

நமது புதுக்கோட்டையிலேயே 1886-ஆம் வருஷத்தில் பிறந்தவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அவர்கள். மகப்பேறு நிதி உதவித் திட்டத்தின் பெயரால் அவரை நம் வீட்டுப் பெண்மக்கள் அறிவார்கள். அவர் தகப்பனார் நாராயணசாமி ஐயர் மகாராஜா காலேஜில் பிரின்ஸிபாலாக இருந்தவர். பெண் பருவமடைந்ததும் அக்கால வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு ஆண்பிள்ளைகள் மாத்திரம் வாசித்த மகாராஜா காலேஜில் சேர மனுச் செய்தபோது ஆட்சேபணைகள் கிளம்பின. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவர்கள் அனுமதியளித்தார்கள். அந்த அம்மையார் 1907-இல் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, 1912-இல் தேறினார். 1954-இல் அடையாற்றில் அவர் ஏற்படுத்திய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இன்றும் நம் ஜில்லாவிலிருந்து நோயாளிகள் போகிறார்கள்.

"அவர் காலேஜ் பிரின்ஸிபால், நாங்கள் வானம் பார்த்த பூமியை உழுகிறவர்கள்" என்று தாங்கள் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அக்காலத்தில் கற்ற தகப்பன்மார் பலர் இருந்தனர். பெண்களை வீட்டோடு நிறுத்தினவர்களே அவர்களில் அநேகர். ஆகையால் காரியத்தை நடத்தியது தகப்பனாருடைய கல்வி மாத்திரமன்று. ஊர் வேண்டாமென்றபோது மகள் பக்கம் நின்றாரே, அதற்குப் பட்டம் எதற்கு? அது கைநாட்டு வைக்கிறவருக்கும் முடியும்.

எழுத்தறியாத தகப்பன் குழந்தையண்டை உட்காருவதற்குக் கூச வேண்டியதில்லை. நகைக்கடன் ரசீதையும் பாஸ் புஸ்தகத்தையும் குழந்தை கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வட்டிக் கணக்குப் போடட்டும். பிள்ளைக்குக் கணக்கு வரும். தங்களுக்கும் பாக்கி எவ்வளவென்று தெரியும். (அதில் எனக்கும் கொஞ்சம் சுயநலமுண்டு!)

பாடம் கேட்பது ஒருபுறமிருக்க, காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகிறவள் தாய். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போய்விட்டு வந்து இதையும் அவளே செய்கிறாள். தகப்பனார் அச்சமயம் டீக்கடையில் மழையைப் பற்றி யோசனை செய்துகொண்டிருக்கிறார். தங்கள் யோசனையினால் மழை முந்தி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்கவேண்டும். அதில் பாதி ஸ்திரீகள் என்ற விதியிருக்கிறதே தவிர, ஆண்கள் வரக்கூடாதென்ற விதி எங்குமில்லை. இவ்வூர்க் குழு கூடும் நாளில் சங்கத்தில் கடன் பட்டுவாடா வைப்பதில்லையென்று காரியதரிசியவர்கள் இசைந்திருக்கிறார்கள். ஆதலால் "சொசைட்டியில் வேலையிருந்தது" என்று அன்றைக்கு எவரும் வீட்டில் சொல்வதற்கிடமில்லை.