புயலும் கடைத்தெருவும்

(கடற்கரை ஊர் ஒன்றில் வியாபாரிகளும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



புயலைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். புயல் வந்துபோன பிறகு பேசுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். நிதி திரட்டுவதும், அரிசி கொடுப்பதும், கொடுப்பதைப் படம் பிடித்துக்கொள்வதும் அப்போது தாராளமாய் நடக்கும். வருவதற்கு முன்னால் பேசக் கூப்பிட்டவர்கள் நீங்கள் என்பதால் மிகுந்த மகிழ்ச்சியோடு வந்திருக்கிறேன்.

"புயல் வரும் என்று யார் கண்டது? எல்லாம் தலைவிதி" என்று சொல்லுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யார் கண்டது என்றால், 1875-ல் ஏற்பட்ட வானிலை இலாகா கண்டது என்று பதில் சொல்லுங்கள். இன்று அந்த இலாகா சுமார் 72 மணி நேரத்திற்கு முன்னே முதல் தகவலும், 48 மணிக்கு முன்னே எச்சரிக்கையும், 24 மணிக்கு முன்னே எந்தப் பக்கம் கரையைக் கடக்கும், காற்று எவ்வளவு வேகம் என்ற விவரமும் கொடுத்துவருகிறது. புயலுக்குப் பெயர்கூட முன்கூட்டியே ஜாபிதா போட்டு வைத்திருக்கிறார்கள். கஜா என்பது இலங்கை கொடுத்த பெயர். வர்தா பாகிஸ்தான் கொடுத்தது. தானே பர்மா கொடுத்தது. பிறப்பதற்கு முன்னே பெயர் வைத்துவிட்ட ஒன்று யாருக்கும் தெரியாமல் வந்துவிட்டது என்று சொன்னால், அதை நம்புவதற்கு நாம் என்ன பச்சைக் குழந்தைகளா?

ஒரிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29-ல் அடித்த புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013 அக்டோபர் 12-ல் பைலின் என்ற கடும்புயல் அதே ராஜ்யத்தைத் தாக்கிற்று. வேகம் சற்றுக் குறைவுதான் என்றாலும் அதுவும் லேசான புயலல்ல. ஆனால் சுமார் 10 லட்சம் ஜனங்களை முன்னதாகவே அப்புறப்படுத்திவிட்டதால் செத்தவர்கள் சில பத்துப் பேர்களே. இடையிலே 14 வருஷம். கடல் அதே கடல், ஜனங்கள் அதே ஜனங்கள். புயல் மடங்கள் கட்டினார்கள், தகவல் சொல்ல ஆள் வைத்தார்கள், ஒத்திகை பார்த்தார்கள். எந்தத் தெய்வமும் இடையிலே மனம் மாறியதாக நமக்குத் தகவல் இல்லை.

நிற்க, நம் பக்கத்துக்கு வருவோம். 2018 நவம்பர் 16 விடியற்காலம் வேதாரணியத்தின் அருகில் கஜா புகுந்தது. சுமார் 80 ஆயிரம் பேரை முன்னரே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அது நல்ல காரியம். பல உயிர்கள் தப்பின. ஆனால் மறுநாள் முகாமைவிட்டு வெளியே வந்தவன் எதைக் கண்டான்? தென்னை சாய்ந்து கிடந்தது, படகு உடைந்து கிடந்தது, கடைக்குக் கூரை இல்லை. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் விழுந்துவிட்டன. கம்பம் விழுந்தால் விளக்குத்தானே போகும் என்று எண்ணாதீர்கள். மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. குடிதண்ணீருக்காக ஜெனரேட்டரை வாடகைக்குத் தேடி ஊர் ஊராய் அலைந்தார்கள். ஆகவே உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓரளவு கற்றுக்கொண்டோம். பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் கற்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

வியாபாரத் தோழர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. எச்சரிக்கை வந்ததும் பலர் செய்வது என்ன? கடைவாசலில் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, மூட்டைகளைத் தரையிலேயே போட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பூசணிக்காய்க்குக் கொடுத்த காசுக்கு இரண்டு பலகை வாங்கிச் செங்கல்மேல் போட்டு மூட்டையை ஏற்றியிருந்தால் அரிசியாவது மிஞ்சும். தகரக் கூரையை இழுத்துக் கட்ட வேண்டும். பெயர்ப் பலகையை இறக்கி உள்ளே வைக்க வேண்டும். அடுத்தவன் தலையை வெட்டுவது பெரும்பாலும் பறந்துவரும் தகரமும் பலகையுந்தான். கணக்குப் புஸ்தகத்தையும் பத்திரங்களையும் எண்ணெய்த் துணியிலோ பிளாஸ்டிக் பையிலோ கட்டி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சரக்கைப் படம் எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் அதில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள். காற்று வீச ஆரம்பித்தபின் கம்பெனி வாசலில் போய் நின்று பயனில்லை.

2016 டிசம்பர் 12-ல் சென்னையை வர்தா தாக்கியது ஞாபகமிருக்கும். பழைய நோட்டுகள் செல்லாதென்று அறிவித்து ஒரு மாதத்திற்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை. கார்டு தேய்க்கலாமென்றால் மின்சாரமும் இல்லை, டெலிபோன் கோபுரமும் வேலை செய்யவில்லை. பணம் பாங்கியில் இருக்கப் பாலுக்குக் காசில்லாமல் கௌரவமான குடும்பங்கள் திண்டாடின. பால்காரரும், மருந்துக்கடைக்காரரும், ரொட்டிக் கடைக்காரரும் நாலு நாளைக்குத் தெரிந்தவர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது என்று முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டால் அப்படிப்பட்ட திண்டாட்டம் பாதி குறையும். இதற்குச் சர்க்கார் உத்திரவு வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி விஷயம் இன்னும் பெரியது. 2015 டிசம்பரில் சென்னையில் வந்தது வெள்ளம், புயலல்ல; என்றாலும் பாடம் ஒன்றே. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருந்த தாழ்வான இடத்தில் தண்ணீர் புகுந்து மின்சாரம் நின்றது. அந்த நாட்களில் அங்கே 18 நோயாளிகள் இறந்ததாகச் செய்தி வந்தது. ஜெனரேட்டர் இருப்பது மாத்திரம் போதாது. எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை நாளைக்கு டீசல் இருக்கிறது, ஓட்டிப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று உங்களூர் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டிலும் கடையிலும் வைத்திருப்பவர்கள் அதை மூடிய அறையில் ஓட்டாதீர்கள்; அதன் புகையிலுள்ள விஷக்காற்றுக்கு வாடை கிடையாது, தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான்.

தொழிலாளர்களைப்பற்றியும் சொல்லவேண்டும். சரக்கைக் காவல் காக்கக் கடைப்பையனை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு முதலாளி மாடி வீட்டுக்குப் போகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஓர் உயிரை ஈடு வைப்பதற்கு யார் இவருக்கு அதிகாரம் கொடுத்தது? எச்சரிக்கை வந்தால் பையனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மூடிய நாளுக்குக் கூலியைப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் அடுத்த புயலில் அவன் பசிக்குப் பயந்து காற்றிலே வேலைக்கு வருவான். கஜாவுக்குப் பிறகு வெளி ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான மின்சாரத் தொழிலாளர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படி வருகிறவர்களுக்குப் படுக்க இடமும் சோறும் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்பதையும் இப்போதே நிச்சயித்து வைக்க வேண்டும்.

மற்றொன்று. புயலின் மையம் நம் ஊரின்மேலே வந்தால் காற்று திடீரென்று அடங்கும். முடிந்துவிட்டதென்று கடையைப் பார்க்க ஓடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அதே வேகத்தில் அடிக்கும். உத்தியோகஸ்தர்கள் தகவல் சொல்லும்வரை வெளியே வரவேண்டாம். வந்த பிறகும், அறுந்து கிடக்கும் கம்பியை மின்சாரம் உள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த கடையில் ஸ்விச்சைத் தொடாதீர்கள்.

ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவை ஒரு முறை சுற்றிவந்து, எந்தக் கூரை ஆடுகிறது, எந்தச் சாக்கடை அடைத்திருக்கிறது, எவரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, எவரிடம் மரம் அறுக்கும் வாள் இருக்கிறது, தனியே இருக்கும் கிழவர்கள் எந்த வீட்டில் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது என்று இங்கேயே முடிவு செய்யுங்கள். சங்கக் காரியதரிசி மேடைக்குக் கீழே நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கூடவர இஷ்டப்படுகிறவர்கள் கூட்டம் கலையுமுன் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.