மடியா, நோயா? – ஓ.சி.டி.யும் பரம்பரையும்

(திருப்பதியில், சித்தூர் – திருப்பதி அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் அகங்களில் சிலரைப் பற்றி, "அவர் ரொம்ப மடி" என்று சொல்லிவிட்டு மேலே பேசமாட்டோம். ஒரு மணி நேர ஸ்நானம், இருபது தடவை கை அலம்பல். மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றுள் சில மடி அல்ல, ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோய்.

மடிக்கு எல்லை உண்டு. ஸ்நானம் செய்து மடி வஸ்திரம் உடுத்தியதும் மனம் பூஜைக்குப் போய்விடும். இந்நோயில் நிம்மதியே வராது. "சுத்தமாயிற்றா?" என்ற சந்தேகம் அலை அலையாய் எழும், அனாவசியம் என்று தெரிந்தும் நிறுத்த முடியாது. தினம் ஒரு மணிக்கு மேல் இதில் கழிந்தாலோ, படிப்பும் வேலையும் கெட்டாலோ வைத்தியம் தேவை.

"இது பரம்பரையாக வருமா, டாக்டர்?" என்று வரன் பார்க்கும் பெற்றோர் என்னிடம் தணிந்த குரலில் கேட்கிறார்கள். ஓரளவு வரும். இரட்டையர்களை ஆராய்ந்ததில், இந்நோய்க்கான வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுக்களே காரணம் என்று தெரிகிறது. மீதி வாழ்க்கைச் சூழல். நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு சில மடங்கு கூடுதல். ஆயினும் அவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை.

2025-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' வெளியிட்ட ஆய்வில், 53,000-க்கும் அதிகமான நோயாளிகளின் மரபணுத் தொகுதியில் தொடர்புடைய 30 இடங்கள் அறியப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஆகவே கல்யாணத்துக்கு முன் செய்து பார்க்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினர். நம் நாட்டுக் குடும்பங்களை பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆராய்கிறது.

பரம்பரை என்பது மறைப்பதற்குக் காரணமல்ல, சொல்வதற்கே காரணம். தாத்தாவுக்கு இருந்தது என்று தெரிந்தால்தானே பேரனிடம் ஆரம்பத்திலேயே கவனிக்க முடியும்? ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மருந்துகளும், பயந்ததைத் தொட்டும் கை அலம்பாதிருக்கப் பழக்கும் பயிற்சியும் பலருக்கு நல்ல குணம் தருகின்றன. "சுத்தம்தான்" என்று வீட்டார் ஓயாமல் உறுதி சொல்வது நோயையே வளர்க்கும்.

திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் பக்கம். இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் இலவசமாகப் பேசலாம்.

சர்க்கரை வியாதியைப் பந்தியில்கூட உரக்கப் பேசுகிறோம். இதை நம் அகத்துக்குள்ளாவது பேசுவோம்.