பிழையென்று தெரிந்த கொள்கையை ஏன் படிப்பிக்கிறோம்?



மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "டொக்டர், பிழையென்று எப்போதோ தெரிந்துவிட்டதை நாங்கள் ஏன் படிக்க வேணும்?" நியாயமான கேள்விதான். பாடத்திட்டம் ஏற்கெனவே பெரும் பொதி. இருந்தாலும் ஒரு பழைய கொள்கையை நான் விடுவதில்லை. பிள்ளைக்கு ஓட்டிசம் வருவது தாயின் பாசக் குறைவால் என்ற கொள்கை. 'குளிர்சாதனப்பெட்டித் தாய்' என்று அதற்குப் பெயர்.

1943 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற சிறுவர் மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். கூர்ந்து பார்த்தவர், இது பிறவியிலேயே வருவது என்றும் அதே கட்டுரையில் எழுதினார். ஆனால் பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள், பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்றும் குறித்து வைத்தார். படித்த, வசதியான பெற்றோரால்தானே அந்தக் காலத்தில் அவருடைய கிளினிக்கைத் தேடிப் போக முடிந்திருக்கும்? ஒரு தகப்பன் மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் தட்டச்சுச் செய்து அனுப்பினார். எனக்கு அது கவலையாகத் தெரிகிறது. கானருக்கு அது அளவு மீறிய நுணுக்கமாகப் பட்டது. 1967 இல் புருனோ பெத்தல்ஹைம் எழுதிய புத்தகமோ தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டிலேயே ஏற்றிவிட்டது.

1969 இல் கானரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்கள் மீது குற்றமில்லை என்றார். 1977 இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே உருவ இரட்டையர் 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்குமே ஓட்டிசம். மற்ற 10 சோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் பரம்பரையின் பங்கை அது காட்டியது.

பாடப்புத்தகத்தில் கொள்கை செத்துவிட்டது. வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் அது சாகவில்லை. "இவள் வேலைக்குப் போனவள், அதுதான் பிள்ளை கதைக்கேல்லை" என்பா மாமி. இப்போது போனும் சேர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்குப் போன் கூடாது என்பது வேறு, ஓட்டிசத்துக்கு அதுதான் காரணம் என்பது வேறு. என் முன்னால் வந்திருக்கும் தாய்மாரில் பலர் பிள்ளைக்கு என்ன என்று முதலில் கேட்பதில்லை. "நான் என்ன பிழை விட்டனான், டொக்டர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

கூப்பிட்டாலும் திரும்பிப் பாராத பிள்ளையோடு வருடக்கணக்காக இருந்தவளின் முகம் களைத்துத்தான் இருக்கும். பழைய கதை தெரியாத இளம் டொக்டர், அந்தக் களைப்பைப் பார்த்துவிட்டு, மாமி சொன்னது சரிதான் என்று நினைக்கக்கூடும். கானர் கண்ட காட்சியும் அதுதானே. அதனால்தான் படிப்பிக்கிறேன். பெயரையும் ஆண்டையும் பாடமாக்கி இரண்டு புள்ளி எடுப்பதற்காக அல்ல. அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாம்.

உங்களில் பலர் இப்போது அம்மம்மாமார், முன்பள்ளி ஆசிரியைகள். ஒரு வயது கடந்தும் பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத, விரலால் சுட்டிக் காட்டாத பிள்ளையைக் கண்டால் தாயிடம் காரணம் விசாரிக்காதீர்கள். வைத்தியரிடம் அனுப்புங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு, பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது.