பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் அரசாங்க மருந்தகத்தில் முப்பது ஆண்டு தாதியாக இருந்தவள். பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றிப் பேசுகிறேன். என் வீட்டில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கடைசி மகனுக்குப் பத்து வயதில் உடம்பு மிகவும் போட்டுவிட்டது. தீபாவளிக்கு எடுத்த காற்சட்டை பொங்கலுக்கு ஏறவில்லை. விளையாட்டுப் போட்டி நாள் வந்தால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் தாதி சும்மா இருப்பாளா? அவனுக்கு மட்டும் தனிச் சமையல் செய்தேன். அவன் தட்டில் அவித்த காய், எண்ணெய் தடவாத சப்பாத்தி. எங்கள் தட்டில் பொரித்த கோழி. அக்காமார் இருவரும் எதிரில் உட்கார்ந்து முறுக்கு கடிப்பார்கள். மூன்றாம் வாரம் அவன் புத்தகப் பையைத் துவைக்க எடுத்தால், உள்ளே முழுக்க பிஸ்கட் தாள்! கத்தித் தீர்த்தேன். அவன் அழவில்லை. "நான் மட்டும் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லியனார்ட் எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர், எடை கூடிய பிள்ளைகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990இல் முடிவை வெளியிட்டார். பெற்றோரும் கூடவே சேர்ந்து தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்ட வீடுகளில்தான் பத்தாண்டு கழித்தும் பலன் நின்றது. இஸ்ரேலில் மோரியா கோலன் என்ற அம்மையார் 60 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து 1998இல் எழுதியது இன்னும் வியப்பானது. ஒரு பிரிவில் பிள்ளைகளைக் கூப்பிடவே இல்லை; தாய் தந்தைக்கு மட்டும் பாடம் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் எடை நன்றாகக் குறைந்தது!

பிள்ளைகளைத் தனியே பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எடை கூடிய மாணவர்களைத் தனியே அழைத்து உடற்பயிற்சி கொடுத்தார்கள். எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்தின் ஆங்கில மூன்றெழுத்துப் பெயரைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று வரும். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கேலியில் பல பிள்ளைகள் குறுகிப் போனார்கள். 2007இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான முறைக்கு மாறினார்கள்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 29.8 பேர் எடை கூடியவர்கள். அதே ஆய்வில், பெரியவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் நூற்றுக்கு 18.3 பேர். நம் இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 பேர்! இந்த மண்டபத்தில் அந்த நோய்க்குக் காலையோ கண்ணையோ பறிகொடுத்த உறவினர் இல்லாத குடும்பம் எத்தனை இருக்கும்?

எங்கள் வீட்டில் அப்படிக் காலை இழந்தவர் என் மாமனார். ஆனால் மாமியாரை வழிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து லயத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்தவர். தம்பியைப் பசியில் பறிகொடுத்தவர். பேரன் கொழுகொழுவென்று இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. நான் அதட்டினால், பின்வாசல் வழியாக அவனுக்கு டின் பால் ஊற்றிய தேத்தண்ணி போகும். அந்த டின்னில் ஏறக்குறைய பாதி சீனிதான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, மாமாவுக்கு வந்தது இவனுக்கும் வரணுமா?" என்று மட்டும் கேட்டேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் டின் பாலை அவரே மேல் அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டு, முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டிச் சமையல். பொரியலுக்குப் பாதி எண்ணெய், முறுக்கு பண்டிகைக்கு மட்டும். 'குண்டு' என்ற சொல் வீட்டுக்குள் வரக்கூடாது. லாரி ஓட்டும் என் கணவர் இரவு பத்து மணிக்கு ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு வருவார். பையனைவிட அவர்தான் அதிகம் அடம்பிடித்தார்! கடைசியில் அதுவும் நின்றது. சாயங்காலம் அப்பாவும் மகனும் வாசலில் பூப்பந்து ஆடுவார்கள். ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி அணையும்.

மகனின் எடை குறையவில்லை. ஒன்றரை வருஷம் ஏறாமல் நின்றது. அதற்குள் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டான். வளரும் பிள்ளைகளில் பலருக்கு அவ்வளவே போதும். பட்டினி போட வேண்டியதில்லை. மிக அதிகமாக எடை கூடியவர்களை மட்டும் மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

கடையில் விற்கும் இனிப்புப் பானத்துக்கு அரசாங்கம் 2019 ஜூலையில் வரி போட்டது. நாம் வீட்டில் கலக்கும் தேத்தண்ணிக்கு யார் வந்து வரி போடுவார்? எங்கள் குடும்பத்தில் என் மகன் போட்டுவிட்டான். இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் வீட்டுக்குப் போனால் இந்தக் கிழவிக்கும் அரைக் கரண்டிச் சீனிதான், கேட்டாலும் கூடக் கிடைக்காது.